"டிக்" சத்தம் மட்டும் கேட்டால்: பிளின்ட்லாக் துப்பாக்கியில் பொறி தவறாமல் விழ, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இங்கே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் தொடங்கும். துப்பாக்கி என்றால் அதில் பிளின்ட்லாக்தான், அதாவது சிக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டி வெடிக்கும் பழைய மாதிரி. 1974இல் ஆரம்பித்த ஏற்பாடு. நவம்பர் கடைசியில் ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் திடலுக்கு, புதிதாக வருபவர்களில் நம்மவர்களும் நாலைந்து பேர் இருப்பார்கள். வருடா வருடம் முகம் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. எல்லாவற்றையும் அவரவர் கேட்டபடியே இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லைக் கவ்விப் பிடித்திருக்கும் கை குதிரை. கல் வந்து உரசும் எஃகுத் தட்டு ஃபிரிஸன். அதன் அடிப்பாகமே கிண்ணிக்கு மூடியாகவும் இருக்கும். துளி வெடிமருந்து வைக்கும் குழிவு கிண்ணி. கிண்ணியிலிருந்து குழலுக்குள் தீ நுழையும் சிறு துளை பற்றுவாய். இது பழைய அகராதிகளில் இருக்கும் சொல், இதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை. குதிரை, கல், ஃபிரிஸன், கிண்ணி, வில்கள் எல்லாம் சேர்ந்த அமைப்பை லாக் என்கிறேன்.

பொறி கல்லிலிருந்து வருதா, இரும்பிலிருந்து வருதா?

இரும்பிலிருந்து. பாதிப் பேர் இதைத் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள், பின்னால் வரும் குழப்பங்களில் பாதி அதனால்தான். கல் எஃகைவிடக் கடினமானது. அதன் கூர் விளிம்பு ஃபிரிஸனின் முகத்தில் மேலிருந்து கீழாக வழிக்கும்போது மயிரிழை போன்ற எஃகுச் சீவல்கள் பெயர்கின்றன. உரசிய சூட்டில் அவை காற்றோடு சேர்ந்து எரிகின்றன. கம்பி மத்தாப்பில் தெறிக்கும் பூவும் இரும்புத்தூள் எரிவதுதான். தெருவில் சாணை பிடிப்பவரின் சக்கரத்திலிருந்து பறப்பதும் அதேதான்.

ஆகவே கல் இங்கே ஒரு உளி, அவ்வளவுதான். உளி மழுங்கினால் சீவல் வராது. உளிக்கும் எஃகுக்கும் நடுவில் எண்ணெயோ கரியோ இருந்தாலும் வராது. எஃகு மெத்தென்று இருந்தால் சீவல் பெரிதாக வரும், ஆனால் எரியாது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும்.

கறுப்புக் கல் நல்லதா, தேன் கலர் கல் நல்லதா?

இரண்டும் நல்லவை. கறுப்பு, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள பிராண்டன் ஊர்க்கல். நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயப் படைக்குக் கல் தட்டிக் கொடுத்த ஊர் அது. தேன் நிறம் பிரான்ஸிலிருந்து வருவது. மேன் என்ற ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் இதே தொழில். என் லாக்குக்குக் கறுப்பு ஒத்துப்போகிறது. பக்கத்துப் பெஞ்சுக்காரர் தேன் நிறத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆளுக்கு ஆறு கல் வாங்கிப் பார்த்து முடிவெடுங்கள்.

நிறத்தைவிட அளவும் வடிவமும்தான் முக்கியம். கல்லின் அகலம் ஃபிரிஸன் முகத்தின் அகலத்துக்குச் சமமாகவோ ஒரு நூல் குறைவாகவோ இருக்கட்டும். குழலின் பக்கவாட்டில் இடிக்கக் கூடாது. முதுகில் பெரிய திமில் இருக்கும் கல் குதிரையின் வாயில் ஆடும், அதைத் தள்ளிவிடுங்கள். கையால் தட்டியெடுத்த கல்லே வாங்குங்கள். ரம்பத்தால் அறுத்துச் சாணை பிடித்த அகேட் கற்களும் விற்கிறார்கள், பார்வைக்கு அழகு. ஆனால் அதன் விளிம்பு மழுங்கினால் தட்டிக் கூராக்குவது பெரும்பாடு.

லைட்டர் கல்லை வெட்டி வைச்சா இன்னும் நிறைய பொறி வருமே அண்ணா?

வேண்டாம் தம்பி. லைட்டரில் இருப்பது கல்லே இல்லை, சீரியம் கலந்த உலோகம். அங்கே கரடுமுரடான சக்கரம்தான் உளி, "கல்" என்று நாம் சொல்லும் துண்டுதான் சீவப்படுகிறது. இங்கே வேலை நேர்மாறு. தமிழில் இரண்டையும் கல் என்றே சொல்வதால் வந்த குழப்பம். சிக்கிமுக்கி, சக்கிமுக்கி என்ற சொல்லே துருக்கியின் சக்மாக் உருது வழியாக நம்மிடம் வந்தது என்பார்கள். இன்றைய துருக்கியில் சக்மாக் என்றால் லைட்டர்தான், அதனால் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

கல்லைக் குதிரையில எப்படிப் பொருத்தறது? தோலா, ஈயமா?

ரைஃபிளுக்குத் தோல். பழைய பெல்ட்டோ, ஷூவின் நாக்கோ போதும். கல்லின் மேலும் கீழும் மடிந்து வரும்படி ஒரு துண்டு வெட்டி, மடிப்பின் நடுவில் சின்ன ஓட்டை போடுங்கள், கல்லின் பின்பக்கம் திருகில் நேராகப் பதிந்து உட்காரும். ஈயத் தகடு படைவீரர்களின் கனத்த மஸ்கட்டுக்கு உரியது. மெல்லிய ரைஃபிள் குதிரைக்கு அந்தக் கூடுதல் எடை ஆகாது. அடி பலமாக விழுந்து குதிரையின் கழுத்திலேயே விரிசல் விடலாம்.

பிறகு குதிரையைப் பாதி இழுப்பில் நிறுத்தி, ஃபிரிஸனை மூடிப் பாருங்கள். கல்லின் விளிம்பு ஃபிரிஸனை ஒட்டி நிற்க வேண்டும், தொடக் கூடாது; ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. விளிம்பு முழுக்க ஒரே சமயத்தில் முகத்தில் படுகிறதா என்று மேலிருந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் முந்திக்கொண்டு பட்டால் அந்த மூலை முதலில் உடையும். குதிரை விழும்போது கல் ஃபிரிஸனின் உயரத்தில் கீழிருந்து சுமார் மூன்றில் இரண்டு பங்கில் பட்டு, அங்கிருந்து கீழே வழித்துக்கொண்டு வந்து, கடைசியில் கிண்ணியின் நடுவைப் பார்த்து நிற்பது நல்ல அமைப்பு. சரிவுப் பக்கம் மேலேயா கீழேயா என்றால், மேலே சொன்னது எந்தப் பக்கம் வைத்தால் நடக்கிறதோ அந்தப் பக்கம். இதற்காகவே ரேஞ்சில் சண்டை போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஒரே கல்லைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

திருகை நன்றாக இறுக்குங்கள். புதுத் தோல் இரண்டு மூன்று வேட்டில் நசுங்கிவிடும், அதனால் மூன்றாவது வேட்டுக்குப் பிறகு கட்டாயம் இன்னொரு முறை இறுக்க வேண்டும். எத்தனை பேர் இதை மறந்துவிட்டுக் கல் சரியில்லை என்று கடைக்கு ஓடினார்கள் தெரியுமா! நானும் முதல் வருடம் ஓடியவன்தான்.

ஒரு வேட்டுக்கும் அடுத்த வேட்டுக்கும் நடுவுல என்னதான் செய்யணும்? அதை மட்டும் சொல்லுங்க.

சுட்டதும் ஃபிரிஸன் திறந்திருக்கும், குதிரை விழுந்து கிடக்கும். அப்படியே விடுங்கள். குழலை ரேஞ்சின் பக்கமே வைத்துக்கொண்டு, உலர்ந்த பருத்தித் துணியால் ஃபிரிஸனின் முகத்தை ஒரு வழி வழியுங்கள். அடுத்து அதன் அடிப்பாகம், கிண்ணிக்கு மூடியாகும் இடம். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு கிண்ணி. கடைசியாகக் கல்லின் விளிம்பு: மேலும் கீழுமாகத் துணியால் கவ்வி, முன்பக்கமாக இழுத்து எடுங்கள். விளிம்போடு பக்கவாட்டில் இழுத்தால் துணி கிழியும், விரலும் கிழியும். என் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.

பற்றுவாயில் ஊசிக் கம்பியை விட்டு ஒரு திருகு. குழலுக்குள் கோலில் சுற்றிய துணி ஒரு முறை போய் வரட்டும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கங்கு ஏதாவது இருந்தால் அணைக்கவும் இது வேண்டும். அதற்கப்புறம்தான் மருந்தும் குண்டும், அதுவும் அளவுக் கரண்டியிலிருந்து. மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றுபவர் பக்கத்தில் நான் நிற்கவே மாட்டேன். கெட்டித்து முடிக்கும்வரை குதிரை விழுந்தபடியே, ஃபிரிஸன் திறந்தபடியே இருக்கட்டும். பிறகு குதிரை பாதி இழுப்புக்கு, கிண்ணியில் மருந்து, மூடி.

துடைப்பதற்கு மட்டும் அரை நிமிடம் பிடிக்கும். எனக்குத் தெரிந்து "லாக் சரியில்லை" என்று கொண்டுவரப்பட்ட துப்பாக்கிகளில் முக்கால்வாசி இந்த அரை நிமிடத்தில் சரியானவை.

முதல் அஞ்சு வேட்டு அருமையா போகுது. ஆறாவதுல இருந்து வெறும் "டிக்" சத்தம்தான். கல் தேஞ்சிடுச்சா?

தேய்ந்திருக்காது. கரி. கருமருந்து என்பது எடையில் வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15, கந்தகம் 10. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் வெள்ளைப் புகையாகப் பறக்கும், மீதி குழலிலும் கிண்ணியிலும் ஒட்டிக்கொள்ளும். அதில் பொட்டாசியம் கார்பனேட் நிறைய. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் போல.

ஈரமான நாளில் இரண்டு வேட்டுக்குள்ளேயே கிண்ணியில் கறுப்புக் குழம்பு ஊறும், அழுகிய முட்டை வாடையோடு. அதன்மேல் புது மருந்தைக் கொட்டினால் நமத்துப்போன பட்டாசுதான். கல்லின் விளிம்பிலும் அதே குழம்பு படலமாகப் படியும். முந்தின பதிலில் சொன்னதை ஐந்து வேட்டுக்கு ஒரு முறை செய்யாமல் ஒவ்வொரு வேட்டுக்கும் செய்யுங்கள்.

எதைத் தொட்டுத் துடைக்கலாம்? எண்ணெய், தண்ணி, எச்சில்?

ஃபிரிஸன் முகத்துக்கும் கல்லுக்கும் எண்ணெய் கூடவே கூடாது. விரல்ரேகை எண்ணெய்கூடப் பொறியைக் குறைக்கும், அதனால் ஃபிரிஸனை மூடும்போது முகத்தைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து மூடுங்கள். உலர்ந்த துணிக்கு அசையாத கரிக்கு ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணி. ஸ்பிரிட் ஆவியாகிப் போகும், தண்ணீர் தங்கிவிடும். அதன்பின் உலர்ந்த துணியால் இன்னொரு முறை. வேறெதுவும் இல்லாதபோது எச்சில் போதும், குழலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும்.

குழல் துணியில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. சொதசொதவென்று நனைத்து உள்ளே தள்ளினால், கோல் ஒரு பிஸ்டன் மாதிரி அந்தக் கறுப்புத் தண்ணீரை அடிவரை தள்ளிக்கொண்டு போய்ப் பற்றுவாயில் அடைத்துவிடும். "நல்லா சுத்தம் பண்ணேன், அப்புறம்தான் வெடிக்கவே இல்லை" என்று சொல்பவர்களுக்கு நடந்தது இதுதான். துணி உதட்டில் வைத்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. அதைத் தொடர்ந்து ஒரு உலர்ந்த துணி.

ஒரு கல் எத்தனை வேட்டு தாங்கும்?

அந்தக் காலத்து மஸ்கட்டில் இருபது, முப்பது வேட்டு என்பது பொதுவான கணக்கு. நன்றாகச் செய்த இன்றைய ரைஃபிள் லாக்கில் ஐம்பதைத் தாண்டுவது அதிசயமில்லை. அதுவும் நடுநடுவே கூராக்கிக்கொண்டால். தேய்ந்து குட்டையான கல்லை உடனே வீசிவிடாதீர்கள். பின்னால் ஒரு சின்னக் குச்சித் துண்டையோ தோலையோ கொடுத்து முன்னே தள்ளினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

கூர் போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்? தட்டிக் கூராக்க எனக்கு வருமா?

வெளிச்சத்தில் விளிம்பை நேராகப் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும், அரிவாள்மணையில் பார்ப்போமே, அதே சோதனைதான். ஃபிரிஸனிலும் ஒரு தடயம் கிடைக்கும். கோடுகள் முகம் முழுக்கப் பரவாமல் ஓரிரு இடத்தில் மட்டும் விழுந்திருந்தால், விளிம்பில் ஓரிரு பல்தான் வேலை செய்கிறது.

தட்டுவது வரும். முதலில் சில பழைய கற்களைப் பாழாக்குவீர்கள், பரவாயில்லை. துப்பாக்கி காலி, கிண்ணி காலி, ஃபிரிஸன் திறந்திருக்கிறது, குதிரை விழுந்திருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறீர்கள்: இவ்வளவும் சரிபார்த்த பிறகே ஆரம்பியுங்கள். சின்னப் பித்தளைச் சுத்தியலோ பித்தளைக் கம்பியோ எடுத்து, விளிம்பின் மீது மேலிருந்து மெதுவாக, கீழ்நோக்கி டொக் டொக்கென்று, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை போங்கள். அடிப்பக்கத்திலிருந்து மீன் செதில் போலச் சின்னச் சின்னச் சில்லுகள் உதிர வேண்டும். பெரிய துண்டு பெயர்ந்தால் பலமாக அடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சில்லுகளைத் துடைத்துவிட்டு, திருகு தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பித்தளை எதற்கென்றால், அது பொறி கிளப்பாது.

மருந்து கெட்டித்த துப்பாக்கியில் கல்லைத் தட்டாதீர்கள். "கிண்ணி காலிதானே" என்பார்கள். பற்றுவாய் திறந்துதானே இருக்கிறது?

என் துப்பாக்கியில கல் நாலே வேட்டுல நொறுங்குது. கூராக்கவே நேரம் இல்லை.

கல்லைக் குறை சொல்லும் முன் லாக்கைப் பாருங்கள். அடிக்கும் கோணம் தவறாக இருந்தால் கல் வழிக்காது, முட்டும். ஃபிரிஸன் முகத்தில் ஒரே இடத்தில் குழி விழுந்திருந்தால் அதுதான் அறிகுறி. சரிவுப் பக்கத்தைத் திருப்பி வைத்துப் பாருங்கள், கல்லைச் சற்றுப் பின்னுக்கோ முன்னுக்கோ நகர்த்திப் பாருங்கள்.

இன்னொரு காரணம் கண்ணில் படாதது. ஃபிரிஸன் திறந்த வேகத்தில் எம்பி, திரும்பி வந்து கல்லின் விளிம்பில் இடிக்கும். சுட்டு முடித்ததும் ஃபிரிஸன் பாதி மூடிக் கல்லின் மீது சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அதன் வில் பலவீனமாக இருக்கலாம், அல்லது குதிரையின் பெரிய வில் தேவைக்கு மேல் முரட்டுத்தனமாக இருக்கலாம். இரண்டு வில்களுக்கும் உள்ள பொருத்தம் நுணுக்கமான வேலை, லாக் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது. விலை மலிவான லாக் ஒன்றை நானே அரம் போட்டுச் சரிசெய்யப் போய், ஒரு வில்லை இரண்டாக்கினேன்.

கிண்ணியில எவ்வளவு மருந்து? நிறைய போட்டா நிச்சயமா பிடிக்கும் இல்லையா?

மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை. மருந்து நைஸாக இருக்க வேண்டும், 4எஃப் என்று விற்கும் பொடி. எஃப் எண்ணிக்கை கூடக் கூடப் பொடி நுணுக்கமாகும். பிதுங்கப் பிதுங்க நிரப்பினால் மூடி சரியாக மூடாது, ஈரமும் உள்ளே போகும், பக்கத்தில் நிற்பவர் முகத்திலும் அடிக்கும்.

பற்றுவாயின் துளைக்குள் மருந்து அடைந்துகொள்ளக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். துளை காலியாக இருந்தால் கிண்ணியின் சுவாலை ஒரே பாய்ச்சலில் உள்ளே போகும். நுணுக்கப் பொடி அடைந்திருந்தால் அது திரி மாதிரி எரிந்து முடிந்த பிறகுதான் உள்மருந்து பிடிக்கும். "டிக்... புஸ்ஸ்... டும்" என்று இழுத்துக் கேட்டால் இதைச் சந்தேகிக்கலாம். நல்ல லாக்கில் மூன்றும் ஒரே சத்தமாகக் காதில் விழும்.

கிண்ணி பளிச்சுன்னு எரியுது, ஆனா உள்ளே வெடிக்கலை.

அப்படியென்றால் பொறி பற்றிய கவலையே வேண்டாம், பாதை அடைத்திருக்கிறது. பற்றுவாயில் ஊசி விட்டுக் குத்துங்கள். ஊசி நுனியில் மருந்துத்தூள் ஒட்டி வந்தால் நல்லது, கறுப்புச் சேறு வந்தால் ஈரத்துணி செய்த வேலை. துளை சாதாரணமாக 1.6 முதல் 2 மில்லிமீட்டர்தான், அடைக்க அதிகம் தேவையில்லை. மருந்து கெட்டிக்கும்போது துளையில் ஒரு இறகுத் தண்டைச் செருகி வைத்து, பிறகு உருவிவிடுவது பழைய வழக்கம். எனக்கு வான்கோழி இறகு.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள்: மருந்தே போடாமல் குண்டை மட்டும் இறக்கியிருப்பது. பேசிக்கொண்டே கெட்டிக்கும் எவருக்கும் இது நடக்கும். கோலில் "மருந்து, குண்டு இருக்கும்போது இவ்வளவு உயரம்" என்று ஒரு கோடு போட்டுவையுங்கள், உடனே தெரிந்துவிடும்.

கடையில கருமருந்து இல்லை, மாற்று மருந்துதான் கிடைச்சுது. போதுமா?

கிண்ணிக்குப் போதாது. மாற்று மருந்துகளைப் பற்றவைக்கக் கருமருந்தைவிடக் கூடுதல் சூடு வேண்டும். கேப்பு, அதாவது கல்லுக்குப் பதிலாக அடித்தால் வெடித்துத் தீ தரும் சிறு உலோக மூடி, வைக்கும் துப்பாக்கிகளை மனதில் வைத்துச் செய்தவை அவை. சிலர் உள்ளே அதைப் போட்டு, அடியில் கொஞ்சம் கருமருந்து வைத்து ஒப்பேற்றுகிறார்கள். பிளின்ட்லாக் வாங்கியவர் உண்மையான கருமருந்துக்கு அலையத்தான் வேண்டும், சுருக்கு வழி கிடையாது. புகையில்லா நவீன மருந்தைப் பற்றி யாராவது கேட்டால் பதில் ஒன்றுதான்: குழல் வெடித்துக் கை போகும்.

மழையில, பனியில எப்படி? ஜனவரியில இங்கே எப்பவும் ஈரம்தானே?

லாக்கின் மேல் மெழுகும் கொழுப்பும் தடவிய தோல் உறை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பசுவின் முழங்கால் என்று பெயர், அந்தத் தோலில் செய்ததால். கிண்ணியின் ஓரத்தில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த பசையை மெல்லிசாகத் தடவினால் மூடி ஈரம் புகாமல் உட்காரும். உள்ளே வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்தாலும் கிண்ணி மருந்தை மணிக்கொரு முறை கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லது. பொடி கட்டி தட்டியிருந்தால் அப்போதே மாற்றுங்கள். இரவில் குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பைப் போல வேர்க்கும், உள்ளேயும்தான். லாக்கின் உள்பாகங்களுக்குக் கெட்டி கிரீஸ் வேண்டாம், குளிரில் அது உறைந்து குதிரையின் வேகத்தைக் கெடுக்கும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

கொட்டும் மழையில் எந்த உறையும் காப்பாற்றாது. நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஒரு படையே அதைப் பட்டு அறிந்தது. முதல் அபினிப் போரில், 1841 மே 30 அன்று, சீனாவின் கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி பக்கம் மெட்ராஸ் 37ஆவது நேட்டிவ் இன்ஃபன்ட்ரியின் ஒரு கம்பெனி பெருமழையில் மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோனது. பிளின்ட்லாக் மஸ்கட்டுகள் நனைந்து ஒன்றும் வெடிக்கவில்லை. சுற்றிலும் ஆயிரக்கணக்கான கிராமத்தார். சிப்பாய்கள் சதுரமாக நின்று வெறும் துப்பாக்கி ஈட்டியை வைத்தே சமாளித்தார்கள். கேப்பு வைக்கும் புதுத் துப்பாக்கி வைத்திருந்த மரைன் கம்பெனிகள் இரண்டு வந்துதான் அவர்களை மீட்டன.

ஃபிரிஸன் நல்ல ஃபிரிஸனான்னு வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, மருந்து எதுவும் இல்லாத இருட்டறையில் குதிரையை விழவிடுங்கள். நல்ல எஃகென்றால் வெள்ளைப் பொறிகள் கொத்தாகக் கிளம்பி, கிண்ணிக்குள் விழுந்தபிறகும் ஒரு கணம் துள்ளும். மங்கலான ஆரஞ்சுப் பொறி நாலைந்து வந்து பாதி வழியிலேயே அணைந்தால் எஃகு மெத்து. நுண்ணிய அரத்தை ஃபிரிஸனின் ஓரத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் கடினம், கடித்தால் மெத்து. கல் முகத்தில் ஆழமான பள்ளங்களை உழுதிருந்தாலும் மெத்துதான். அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தாலும் தொல்லை, கல் கண்ணாடியில் சறுக்குவதுபோல் சறுக்கிப் பொறி குறையும்.

மெத்தான ஃபிரிஸனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நம் கொல்லுப் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவார்களே, அதே வேலையை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யலாம். அது எடுபடாத இரும்பென்றால் முகத்தில் நல்ல எஃகுத் தகடு பதித்துத் தருவார்கள்.

விசையை அழுத்தினேன், ஒண்ணுமே ஆகலை. உடனே திறந்து பார்க்கலாமா?

கூடாது. குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நில்லுங்கள். உள்ளே மெதுவாகக் கனன்றுகொண்டிருந்தால் அந்த நேரத்துக்குள் வெடித்துவிடும். பிறகு குழலைத் திருப்பாமலேயே, கையையும் முகத்தையும் அதன் வாய்க்கு முன்னால் கொண்டுபோகாமல், ஃபிரிஸனையும் கல்லையும் துடைத்து, பற்றுவாயைக் குத்தி, கிண்ணியில் புது மருந்து வைத்து மறுபடியும் முயலுங்கள். மூன்று முறைக்கு மேல் ஆகாவிட்டால் ரேஞ்சில் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

வீட்டுல வெறும் துப்பாக்கியில பொறி கொட்டுது. ரேஞ்சுல மட்டும் மானத்தை வாங்குது. ஏன்?

கேட்டவர் மூன்று வாரம் இதற்காகத் தூங்கவில்லை. வீட்டில் நீங்கள் சோதிப்பது துடைத்த ஃபிரிஸனையும் துடைத்த கல்லையும். ரேஞ்சில் அது முதல் வேட்டு வரைக்கும்தான் உண்மை. அவர் சுடுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். துடைக்கிறார், குத்துகிறார், எல்லாம் சரி. குண்டைச் சுற்றும் துணித் துண்டுகளுக்குக் கொழுப்புத் தடவிய அதே விரலால், ஒவ்வொரு முறையும் ஃபிரிஸனை முகத்தில் கட்டைவிரல் வைத்து மூடுகிறார். அவ்வளவுதான் விஷயம். ஓரத்தைப் பிடித்து மூடச் சொன்னேன், அன்று மதியம்வரை ஒன்றுகூடத் தவறவில்லை.

இவ்வளவு பாடு எதுக்கு மச்சான், கேப்பு வைக்கிறதை வாங்கித் தொலைய வேண்டியதுதானே?

ஊரிலிருந்து போனில் வரும் கேள்வி இது, ஒவ்வொரு டிசம்பரும். நியாயமான கேள்விதான். 1834இல் இங்கிலாந்தின் ஊல்விச்சில் இரண்டையும் 6000 வேட்டு வீதம் சுட்டுப் பார்த்தார்கள். பிளின்ட்லாக் 922 முறை தவறியது, கேப்பு 36 முறை. அதாவது ஆறரை வேட்டுக்கு ஒன்று, 166 வேட்டுக்கு ஒன்று. அதற்குப் பிறகு படைகள் ஒவ்வொன்றாகக் கல்லைக் கைவிட்டன.

ஆனால் மச்சான், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கேப்புத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனால் எனக்கு அபராதம் போடுவார்கள். மற்ற பருவங்களில் நீ சொல்வதை வாங்கியும் பார்த்தேன். அலமாரியில் இருக்கிறது, எப்போதும் வெடிக்கும். இந்த வருடமும் அதை எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து, பழைய பெல்ட்டில் புதுக் கல்லுக்குத் தோல் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.